குழந்தைக்குப் பன்றிக் காய்ச்சல்: வீட்டில் எதைக் கவனிப்பது, எப்போது மருத்துவமனைக்கு விரைவது

பரிசோதனை முடிவில் பன்றிக் காய்ச்சலைக் குறிக்கும் ‘எச்1என்1’ என்ற எழுத்துகளைப் பார்த்ததும் பெற்றோருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. 2009-ஆம் ஆண்டின் நினைவு இன்னும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். அந்த ஆண்டு ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்ட புதிய வைரஸ் சில வாரங்களுக்குள் கண்டங்களைத் தாண்டிப் பரவியதால், உலக சுகாதார நிறுவனம் ஜூன் 11 அன்று அதைப் பெருந்தொற்று என அறிவித்தது. 2010 ஆகஸ்ட் 10 அன்று பெருந்தொற்று முடிந்துவிட்டதாகவும் அறிவித்தது. வைரஸ் மட்டும் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வந்துபோகும் ஃபுளூ காய்ச்சல்களுள் ஒன்றாக மனிதர்களிடையே தங்கிவிட்டது. பன்றிகளிடம் காணப்படும் ஃபுளூ வைரஸ்களின் மரபணுக்கூறுகள் இதில் கலந்திருப்பதால் ‘பன்றிக் காய்ச்சல்’ என்ற பெயர் வந்ததே தவிர, நன்கு வேகவைத்த பன்றி இறைச்சியை உண்பதால் இந்நோய் வருவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் மனிதரிடமிருந்து மனிதருக்கே இது தொற்றுகிறது.

ஆகவே பெயரைக் கேட்டுப் பதறவும் வேண்டாம். ஃபுளூதானே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்துக்குள் வீட்டிலேயே தேறிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு மட்டும் நிலைமை சில மணி நேரத்தில் மோசமாகிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய தெர்மாமீட்டர் காட்டும் எண் அவ்வளவாக உதவுவதில்லை. குழந்தை எப்படி மூச்சு விடுகிறது, எவ்வளவு குடிக்கிறது, எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது, காய்ச்சல் தணிந்திருக்கும் நேரத்தில் முகம் தெளிகிறதா என்பவையே உதவுகின்றன.

சளியா, ஃபுளூவா?

வைரஸ் உடலில் நுழைந்த ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் அறிகுறிகள் தொடங்கும். சாதாரண சளி மெல்ல மெல்ல ஏறும். ஃபுளூ சட்டென்று தாக்கும். காலையில் ஓடியாடிக்கொண்டிருந்த குழந்தை மாலையில் சுருண்டு படுத்துக்கொண்டு, தூக்கினால் உடம்பு வலியில் சிணுங்குகிறது என்றால், ஃபுளூவை நினைத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சல், குளிர் நடுக்கம், வறட்டு இருமல், தொண்டை வலி, தலைவலி, மூக்கொழுகல், கடுமையான அசதி ஆகியவை வழக்கமானவை. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடுதலாக வருவதால், வயிறு கெட்டுவிட்டது என்று தவறாக நினைத்துவிடும் வாய்ப்பு உண்டு. கைக்குழந்தைகளிடமோ இருமல்கூட இல்லாமல், பால் குடிக்க மறுப்பதும் துவண்டு கிடப்பதும் மட்டுமே தென்படலாம்.

மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆர்டி-பிசிஆர் முறையில் சோதிப்பதே நம்பகமானது. சில நிமிடங்களில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை தேவைப்படுவதும் இல்லை. லேசான அறிகுறிகளுடன் நன்றாக இருக்கும் பெரிய குழந்தைக்கு அது சிகிச்சையில் எந்த மாற்றத்தையும் கொண்டுவராது என்று மருத்துவர் முடிவு செய்யலாம். அப்படிச் சொல்லும் மருத்துவர் அக்கறையற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத குழந்தைகள்

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், அவர்களிலும் குறிப்பாக இரண்டு வயது நிரம்பாதவர்கள், சிக்கலுக்கு எளிதில் ஆளாகிறார்கள். ஆஸ்துமா, பிறவி இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, வலிப்பு நோய், மூளை வளர்ச்சிக் குறைபாடு, மிகை உடல் எடை ஆகியவை உள்ள குழந்தைகளும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்ளும் குழந்தைகளும் இதே வரிசையில் வருவார்கள். இவர்களுக்கு ஃபுளூ என்ற சந்தேகம் எழுந்த அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘இரண்டு நாள் பார்க்கலாம்’ என்ற வழக்கமான அணுகுமுறை இவர்களுக்குப் பொருந்தாது.

அதற்கொரு காரணம் உண்டு. ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறிகள் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு அதன் பிறகும் மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. என்றாலும் முதல் இரண்டு நாள்களின் மதிப்பு வேறு. ஆபத்து வாய்ப்பு மிகுந்த குழந்தைக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமலே மருந்தைத் தொடங்குவது முறையான மருத்துவமே. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமான அளவு எடையைப் பொறுத்தது: 15 கிலோ வரை ஒரு வேளைக்கு 30 மில்லிகிராம், 15-க்கு மேல் 23 வரை 45, 23-க்கு மேல் 40 வரை 60, அதற்கு மேல் 75, நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். இந்த எண்களை இங்கே தருவது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக அன்று. மருந்துச் சீட்டில் உள்ள அளவு குழந்தையின் இன்றைய எடைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுத் தெளிவதற்காக. ஒரு வயதுக்கு உட்பட்டோருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கும் கணக்கு வேறு. இம்மருந்து வாந்தியைத் தூண்டக்கூடும் என்பதால் சிறிது உணவுக்குப் பிறகு கொடுப்பது நல்லது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்திவிடாமல் ஐந்து நாளும் முடிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரஸை ஒன்றும் செய்வதில்லை. நிமோனியாவோ காதில் சீழோ பாக்டீரியாவால் சேர்ந்துகொண்டால் மட்டுமே அவற்றுக்கு வேலை உண்டு. ஆகவே முன்பு எப்போதோ வாங்கி மீந்த பாட்டிலைத் தேடி எடுக்க வேண்டாம்.

காய்ச்சல் மருந்தை அளப்பது

வீட்டுக் கவனிப்பில் அதிகத் தவறு நேரும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். பாராசிட்டமாலின் அளவு வயதை வைத்து அன்று, எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகக் கூடாது.

குழந்தையின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் தேவை. பாட்டிலில் ‘5 மில்லியில் 120 மில்லிகிராம்’ என்று அச்சிட்டிருந்தால் 7.5 மில்லி கொடுக்க வேண்டும். ‘5 மில்லியில் 250 மில்லிகிராம்’ என்றிருந்தால் 3.6 மில்லி போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ‘1 மில்லியில் 100 மில்லிகிராம்’ என்றிருந்தால் 1.8 மில்லிதான். மூன்றும் ஒரே மருந்து. முன்பு கொடுத்த பழக்கத்தில் 7.5 மில்லி என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அரைத்தூக்கத்தில் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து அதே அளவைக் கொடுத்துவிட்டால், குழந்தைக்குப் போவது 750 மில்லிகிராம், அதாவது தேவையைவிட நான்கு மடங்குக்கும் மேல். கல்லீரலைக் கெடுப்பது இப்படிப்பட்ட தவறுகள்தாம். எனவே ஒவ்வொரு முறையும் பாட்டிலின் மேலுள்ள எழுத்தை வெளிச்சத்தில் படித்த பிறகே ஊற்ற வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. மருந்தோடு வரும் அளவு மூடியோ, அதைவிடவும் துல்லியமான ஊசியில்லாத சிரிஞ்சோ கொண்டு அளக்க வேண்டும். சிரிஞ்சின் நுனியை நாக்கின் மீது வைக்காமல் கன்னத்தின் உட்புறமாகச் சாய்த்துச் சிறிது சிறிதாக அழுத்தினால் புரையேறாது, துப்புவதும் குறையும். சளி, இருமலுக்கான கலப்பு மருந்துகள் சிலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய கலப்பு மருந்துகள் சிறு குழந்தைகளுக்குப் பெரிய பலன் தருவதும் இல்லை, நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஆஸ்பிரின் எந்த வடிவிலும் கூடாது. ஃபுளூவின்போது ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ரேய் நோய்க்குறி என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை ஏற்படலாம். வேறு நோய்க்காக நீண்டகாலமாக ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தை என்றால் ஃபுளூ தொடங்கியவுடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இபுபுரூஃபன் என்ற மற்றொரு காய்ச்சல் மருந்தும் வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருந்து கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நேரே மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

எண் இறங்குவதற்காக மருந்து கொடுப்பதில்லை. குழந்தை வலியின்றி இருப்பதற்காகவும், குடிப்பதற்கும் உறங்குவதற்கும் தெம்பு கிடைப்பதற்காகவும் கொடுக்கிறோம். 38.5 டிகிரி செல்சியஸில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்துவைத்து மருந்து புகட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஐஸ் தண்ணீராலோ ஸ்பிரிட்டாலோ உடம்பைத் துடைக்கக் கூடாது. குளிரில் நடுங்கத் தொடங்கினால் உடலின் உள்வெப்பம் கூடவே செய்யும். கனமான போர்வைகளை விலக்கி, மெல்லிய பருத்தி ஆடை அணிவித்தால் போதும்.

நீரும் சிறுநீரும்

சாப்பிடவில்லையே என்று பதறும் பெற்றோர் பலர், குடிக்கவில்லையே என்று பதறுவதில்லை. இரண்டு மூன்று நாள் உணவு குறைந்தால் பாதகமில்லை. நீர் குறைந்தால் ஒரே நாளில் குழந்தை துவண்டுவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதையே அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்க்கே ஃபுளூ வந்திருந்தாலும் தாய்ப்பால் வழியாக வைரஸ் பரவாது. முகக்கவசம் அணிந்து, கைகளைக் கழுவிக்கொண்டு பாலூட்டலாம்.

வாந்தி எடுக்கும் குழந்தைக்கு ஒரே மடக்கில் ஒரு டம்ளர் கொடுத்தால் அது அப்படியே வெளியே வந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்திருந்து, ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லி வீதம், சிரிஞ்சிலோ சிறு கரண்டியிலோ கொடுத்துக்கொண்டே இருந்தால், பார்க்கச் சலிப்பாக இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 150 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும். பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் கொட்டிக் கரைத்தால் உப்பின் அளவு மாறிவிடும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இருமல் தணிய அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் நீரிழப்பு முற்றிவிட்டது. அதற்கு மேல் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு பெற்றோர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ளட்டும். குழந்தை உறங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். அழுத உடனே, பால் குடித்த உடனே எண்ண வேண்டாம். விநாடி முள் உள்ள கடிகாரத்தையோ கைபேசியின் டைமரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வயிறு ஒருமுறை மேலெழுந்து தாழ்வதை ஒரு மூச்சாக எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது குழந்தைகளுக்குச் சரிவராது. சிறு குழந்தைகள் சில விநாடி வேகமாகவும் சில விநாடி நிதானமாகவும் மூச்சு விடுவதால் முழு ஒரு நிமிடமும் எண்ண வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல். காய்ச்சல் ஏறியிருக்கும்போது மூச்சும் ஓரளவு கூடும் என்பதால், காய்ச்சல் தணிந்ததும் மறுபடி எண்ணிப் பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எண்ணும்போதே மார்பையும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பு விரிய வேண்டும். அதற்கு மாறாக விலா எலும்புகளின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், அல்லது எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால், நுரையீரல் திணறுகிறது என்று பொருள். அந்நிலையில் எண்ணிக்கை எவ்வளவு என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூக்குத்துளைகள் விரிந்து சுருங்குவதும், மூச்சு விடும்போது முனகல் ஒலி வருவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. பெரிய குழந்தை என்றால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உதடு நீலம் பாரிப்பது கருநிறக் குழந்தைகளிடம் எளிதில் தெரியாது. நாக்கையும் ஈறுகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்போர், பெரியவர்களுக்கான கருவி குழந்தையின் சிறு விரலில் சரியாகப் பொருந்தாது என்பதையும், கை சில்லிட்டிருந்தாலோ அசைந்தாலோ தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதில் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, கண்ணெதிரே மூச்சுத் திணறும் குழந்தையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மூச்சுத் திணறலும் நீரிழப்பும் தவிர, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது, அம்மாவை அடையாளம் காணாததுபோல் வெறிப்பது, நடக்க மறுக்கும் அளவுக்குக் கால்வலி, மருந்துக்கும் இறங்காமல் 40 டிகிரியைத் தாண்டி நிற்கும் காய்ச்சல், மார்பு வலி ஆகியவையும் உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகளே. வலிப்பு வந்தால் குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய்க்குள் எதையும் திணிக்காமல், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலால் மட்டுமே வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே அடங்கிவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்சை அழைக்க வேண்டும். விரைவில் நின்றுவிட்டாலும், முதல்முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

திரும்பி வரும் காய்ச்சல்

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் விட்டு, குழந்தை எழுந்து உட்கார்ந்து, வீடே நிம்மதி அடைந்த பிறகு, ஓரிரு நாளில் மறுபடி காய்ச்சல் ஏறி இருமல் கனத்தால், அதை ‘விட்ட குறை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபுளூவால் புண்பட்ட நுரையீரலில் பாக்டீரியா குடியேறி நிமோனியா தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். முதல் காய்ச்சலைவிட இந்த இரண்டாவது காய்ச்சலே எனக்கு அதிகக் கவலை தருவது. மருத்துவர் கேட்கும்போது ‘இடையில் ஒன்றரை நாள் காய்ச்சலே இல்லை’ என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தால் அவருக்கு அது பெரிய உதவி. இதற்காகவே முதல் நாளிலிருந்து ஒரு தாளில் நேரம், வெப்பநிலை, கொடுத்த மருந்தும் அளவும், சிறுநீர் கழித்த நேரம், மூச்சின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைப்பது நல்லது. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கும் வீட்டில், ஒரே வேளை மருந்தை இருவர் கொடுத்துவிடாமல் தடுப்பதும் இந்தத் தாள்தான்.

மற்றவர்களுக்குப் பரவாமல்

அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவல் தொடங்கி, பெரியவர்களிடம் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கிறது. சிறு குழந்தைகள் பத்து நாளுக்கு மேலும் வைரஸை வெளியிடக்கூடும். கதவுப்பிடி, பொம்மை போன்ற கடினமான பரப்புகளில் வைரஸ் ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை உயிர்ப்புடன் இருக்கும் என்பதால் அவற்றைத் துடைக்க வேண்டும். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவதும், சன்னலைத் திறந்து வைப்பதும், முடிந்தவரை ஒருவரே பார்த்துக்கொள்வதும் பயன் தரும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் அணிவிக்கக் கூடாது, பார்த்துக்கொள்பவர் அணியட்டும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ முதியவரோ இருந்தால் அவர்களுக்கு முன்தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் மருந்தின் உதவியின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, குழந்தையும் தெம்பாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டு மதியம் பள்ளியிலிருந்து அழைப்பு வருவது இந்தக் கணக்கில் சேராது. இருமலும் அசதியும் இரண்டு வாரம்வரை நீடிப்பது இயல்பு.

தடுப்பூசி

2010-க்குப் பிறகு ஆண்டுதோறும் போடப்படும் ஃபுளூ தடுப்பூசியிலேயே இந்த எச்1என்1 வகைக்கான பாதுகாப்பும் அடங்கியிருப்பதால், பன்றிக் காய்ச்சலுக்கென்று தனி ஊசி தேவையில்லை. ஆறு மாதம் நிரம்பிய எந்தக் குழந்தைக்கும் போடலாம். எட்டு வயதுவரை உள்ள குழந்தைக்கு முதன்முறையாகப் போடும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒன்று போதும். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஃபுளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஊசி இல்லை. கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு பிறக்கும் குழந்தைக்கும் சில மாதங்களுக்குக் கிடைக்கும், வீட்டில் உள்ள மற்றவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் சில வேளைகளில் ஃபுளூ வரும்; ஆனால் கடுமையாகும் வாய்ப்பு குறைவு. இந்த ஆண்டு பன்றிக் காய்ச்சல் வந்து குணமான குழந்தைக்கும் தடுப்பூசி தேவைதான், ஏனெனில் அது எச்1என்1-ஐ மட்டுமன்றி எச்3என்2 வகையையும் இன்ஃபுளூயன்சா பி வகையையும் எதிர்க்கவும் உடலைப் பழக்குகிறது.